பத்துக்குப் பூஜ்யம்

கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் சாவி முப்பத்தொரு வருடம் என் இடுப்பில்தான் தொங்கியது. எந்தக் கணினிக்கு முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும், எதற்கு இரண்டு தட்டு வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்த ஆய்வகத்தின் பெயர் நாலு தேசத்தில் அடிபட்டதற்கு நான் காரணமில்லை. என் மனைவியின் தம்பிதான் காரணம். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

என் மச்சினன், வேலை தேடுவதற்காகப் பத்து நாள் தங்குகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் சொல்லும் சமயத்தில் அந்தப் பத்து நாளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. வரவேற்பறை சோபாவின் இடது மூலை அவன் உடம்பின் அச்சாகவே ஆகிவிட்டது. வேறு யார் அதில் உட்கார்ந்தாலும் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும்.

இப்போது போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி மாணவர்களுக்கென்று உலக அளவில் புரோகிராம் எழுதும் போட்டி ஒன்று உண்டு. அணிக்கு மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கணினி. ஐந்து மணி நேரத்தில் பன்னிரண்டு கணக்கு. சரியான புரோகிராமை எழுதி அனுப்பினால் அணியின் மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள், கணக்குக்கு ஒரு நிறம். தப்பாக அனுப்பினால் இருபது நிமிடம் தண்டனை. மீசை முளைத்த பிள்ளைகள் ஊதா பலூன் கிடைக்கவில்லை என்று தேம்பித் தேம்பி அழுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

எங்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்த பேராசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பெனால்டி. எதற்கெடுத்தாலும் இருபது நிமிடம் போடுவார். தாமதமாக வந்தால் இருபது நிமிடம் வாசலில் நிற்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் தன் பெயரையே தடுமாறிச் சொல்லிவிட்டு, தனக்குத் தானே இருபது நிமிடம் போட்டுக்கொண்டு தெருவில் போய் நின்றதாகவும், அந்த நேர்மையைப் பார்த்துத்தான் பெண் சம்மதித்ததாகவும் கேள்வி.

அணியில் ஒருவன் கொக்கு. நெட்டையன்; யோசிக்கும்போது ஒற்றைக் காலில்தான் நிற்பான். இன்னொருத்தி படபடா. அவள் தட்டச்சு செய்யும் வேகத்தில் விசைப்பலகை சூடாகி, குளிர்காலத்தில் நான் அதன்மேல் கை வைத்துக் குளிர் காய்ந்திருக்கிறேன். மூன்றாவது, அணித் தலைவி. அவளை எல்லோரும் வேதி என்பார்கள். வேதியியல் தாளில் மூன்று தடவை தேறாமல் போனதால் வந்த பட்டம்.

கேலிப் பெயர்தான், ஆனால் விஷயம் கேலி இல்லை. ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் எல்லாம் முதலில் ஒரு சல்லடை வைத்திருக்கும்: எல்லாத் தாளும் தேறியிருக்க வேண்டும். அந்தச் சல்லடையில் வேதி முதல் ஆட்டத்திலேயே கீழே விழுந்துவிடுவாள். அவள் எழுதும் புரோகிராமை யாரும் பார்க்கவே மாட்டார்கள். ஒரே ஒரு வழிதான் பாக்கி. வட்டாரப் போட்டியில் முதலிடம் வரும் அணி உலக இறுதிப் போட்டிக்குப் போகும். இறுதிக்குப் போகிறவர்களை ஒரு பெரிய கம்பெனி சல்லடை இல்லாமல் நேரே கடைசி நேர்காணலுக்குக் கூப்பிடும். அவளுக்கு அது கடைசி வருடம். அந்த ஒரு கதவு சாத்தினால், அவள் மாமாவின் குளிர்பதனக் கிடங்கில் மீன் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை தயாராக இருந்தது. மாமா வாரம் தவறாமல் போன் பண்ணி, "சீட்டு அச்சடிச்சாச்சும்மா, எப்ப வர்ற?" என்று கேட்பார்.

வேதிக்கு ஒரு பழக்கம். எழுதிய புரோகிராமில் தவறு இருந்தால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வராது. வாய்விட்டு ஒவ்வொரு வரியாக யாருக்காவது விளக்க வேண்டும். விளக்கிக்கொண்டே வரும்போது தப்பு தானாகக் கையில் மாட்டும். கணினிக்காரர்கள் இதற்காக மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொள்வது உண்டு, அதனிடம் விளக்குவார்கள். பெனால்டியும் குளியல் சாமான் விற்கும் கடையில் ஒரு மஞ்சள் வாத்து வாங்கி வந்தார். மூன்றாம் நாள் எலி அதன் தலையைத் தின்றுவிட்டது.

"முண்டத்துக்கிட்டல்லாம் என்னால பேச முடியாது சார்" என்று வேதி மறுத்துவிட்டாள். "கேக்குறதுக்குக் காது வேணும்ல?"

அந்த நேரம் பார்த்துத்தான் என் மச்சினன் என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நான் அதை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். சோபாவிலிருந்து அவனை எழுப்பி அனுப்ப என் மனைவிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"அத்தான், டப்பா" என்று நீட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி கண்ணில் பட்டால் உட்காருவது அவன் கொள்கை.

வேதி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணினியை அவன் பக்கம் திருப்பி, "இங்க பாருங்க, முதல்ல எத்தனை ஊர் இருக்குன்னு படிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள்.

என் மச்சினன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒன்றும் புரியாத முகங்களுக்கு உலகில் பஞ்சமில்லை. ஆனால் அவை காதுகொடுத்துக் கேட்காது. கேட்கிற முகங்களோ பாதியில் புரிந்துகொண்டு தொலைக்கும். இவன் முகம் கடைசிச் சொட்டு வரைக்கும் கேட்கும், ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. கண்களை அகல விரித்து, வாயை அரை அங்குலம் திறந்து, இப்போதுதான் உலகத்துக்கு வந்து சேர்ந்தவன் போல் உட்கார்ந்திருந்தான். "சரி... அதுக்கப்புறம்?" என்று மட்டும் கேட்டான். பதினான்காவது வரியில் வேதி தன் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டாள். இரண்டு நாளாகக் கிடைக்காத தப்பு மூன்று நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து வரக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவன் கொண்டு வர வேண்டும்.

ஒரு மாதத்தில் அவன் முன்னால் வரிசை நிற்க ஆரம்பித்தது. புரோகிராம்காரர்கள் மட்டுமில்லை. துணை முதல்வர் வந்து தன் ஆண்டு விழா உரையை அவனுக்கு விளக்கினார். பாதி வழியில் அதில் விஷயமே இல்லை என்று கண்டுபிடித்து உரையை ரத்து செய்தார். கல்லூரி அன்று அரை நாள் கொண்டாடியது. நூலகப் பெண்மணி வந்து தன் கணவரை விளக்கினார். மூன்றாவது வரியிலேயே தப்பைக் கண்டுபிடித்துவிட்டு எழுந்து போனார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் மெக்கானிக்கும் என் மச்சினனும் மாட்டிக்கொண்டார்கள். மெக்கானிக் அது ஓடும் விதத்தை அவனுக்கு விளக்க ஆரம்பித்ததும், லிஃப்டே தன் தப்பை உணர்ந்து கீழே இறங்கிவிட்டது. நான் கண்ணால் பார்த்தது.

வீட்டில் என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் தம்பியை என்னமோ சொன்னீங்களே, இப்ப பாருங்க, பேராசிரியர் எல்லாம் வரிசையில நிக்கிறாங்க."

"அவனுக்கு ஒண்ணும் தெரியலைங்கிறதுக்காகத்தான்டி நிக்கிறாங்க."

"உங்களுக்கும்தான் ஒண்ணும் தெரியல. உங்க முன்னாடி யார் நின்னா?"

நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினேன்.

பெனால்டி அவனைத் தங்கக் கட்டி மாதிரி பாதுகாத்தார். புத்தக அலமாரி பக்கம் அவன் நாற்காலியைப் போடக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சோதனை. புரோகிராம் தன்னைத் தானே திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதற்கு ரிகர்ஷன் என்று பெயர். "ரிகர்ஷன்னா என்ன?" என்று கேட்பார். "தெரியாது சார்" என்பான். பெனால்டி பெருமூச்சு விட்டு, "சுத்தமா இருக்கு" என்று நோட்டில் குறித்துக்கொள்வார்.

அணி பயிற்சியில் எட்டுக் கணக்கு, ஒன்பது கணக்கு என்று போட்டுத் தள்ளியது. வட்டாரப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். வேதி வழக்கம்போல் விளக்கிக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டு எண்ணையும் பெருக்கி இதுல வைக்கிறேன்..."

"அது கொள்ளாதே" என்றான் மச்சினன்.

படபடாவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. கொக்கு இரண்டு காலையும் தரையில் ஊன்றினான்.

"என்ன சொன்னீங்க?" என்றார் பெனால்டி.

"இல்ல சார், பெருக்கினா எண் பெருசாயிடும்ல? அந்தச் சின்ன டப்பாவுல கொள்ளாது. பெரிய டப்பா எடுக்கணும்."

பெனால்டி பேயறைந்தவர் போல் உட்கார்ந்துவிட்டார். அவன் சொன்னது சரி. இருநூறு, முன்னூறு புரோகிராம்களை வரி வரியாகக் காதில் வாங்கியதில், எங்கேயோ ஒரு ஓட்டை வழியாகக் கொஞ்சம் உள்ளே கசிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சோதனையில் "ரிகர்ஷன்னா என்ன?" என்று கேட்டபோது அவன் கொஞ்சம் யோசித்து, "அதைச் சொல்லணும்னா முதல்ல ரிகர்ஷன்னா என்னன்னு..." என்று ஆரம்பித்தான். பெனால்டி நோட்டை மூடி வைத்துவிட்டார்.

அதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. யார் எதை விளக்கினாலும் நடுவில் மூக்கை நுழைத்தான். பாதி சரியாக இருக்கும், பாதி அபத்தமாக இருக்கும். அது கூடப் பரவாயில்லை. வேதி யோசிப்பதை நிறுத்திவிட்டு அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவன் வாயையே பார்க்க ஆரம்பித்தாள். அதுதான் ஆபத்து. ஒன்பது கணக்குப் போட்ட அணி ஐந்துக்கு இறங்கியது. பிறகு நான்கு.

"மச்சினன் சார், கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்களேன்" என்று கெஞ்சினாள் வேதி.

"தெரிஞ்சதை எப்படிம்மா தெரியாமப் பண்றது?" என்றான் அவன். முகத்தில் அறிவுக் களை சொட்டியது. பார்க்கவே சகிக்கவில்லை.

பெனால்டி அவனை ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டார். அவன் இடத்தில் என்னை உட்கார வைத்துப் பார்த்தார்கள். நானும் கண்ணை அகல விரித்து, வாயை அரை அங்குலம் திறந்துதான் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் வேதி எழுந்துவிட்டாள். "சார், உங்க மூஞ்சியைப் பாத்தா, தப்பு எங்கன்னு தெரிஞ்சும் சொல்லாம உள்ளுக்குள்ள சிரிக்கிற மாதிரியே இருக்கு." எனக்கு இருபது நிமிடம் தண்டனை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

போட்டி நாள் வந்தது. பெரிய உள்விளையாட்டு அரங்கம். எழுபது மேசை, எழுபது கணினி, இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு கல்லூரியும் பலூன் கட்ட இரண்டு ஆள் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் கல்லூரியில் சும்மா இருந்தவர்கள் இருவர்தான்: நானும் மச்சினனும்.

பலூன் கட்டுகிறவர்களுக்கு ஒரே விதி. எந்த அணியோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. மீறினால் அந்த அணி வெளியே.

அரங்க வாசலில் பெனால்டி மச்சினனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க வாயிலேருந்து ஒரு எழுத்து வந்தாலும் அந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சு. புரியுதா?"

"எனக்குப் புரியாதது இருக்கா சார்?" என்றான் அவன்.

நான்கு மணி நேரம் ஓடியது. கடைசி ஒரு மணி நேரம் மதிப்பெண் பலகையை உறைய வைத்துவிடுவார்கள். யார் முன்னால் என்று யாருக்கும் தெரியாது. உறையும்போது எங்கள் அணிக்கு ஏழு பலூன். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஏழு. அவர்களுக்குத் தண்டனை நிமிடம் குறைவு. எட்டாவது ஒன்று விழுந்தால்தான் எங்களுக்கு விமோசனம்.

வேதி எட்டாவதை இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் தப்பு. படபடாவுக்கும் கொக்குக்கும் விளக்கிப் பார்த்தாள்; அவர்கள் பயிற்சி பெற்ற பிள்ளைகள், அவள் தொடங்குவதற்கு முன்பே புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். பிரயோசனமில்லை. இருபத்தைந்து நிமிடம்தான் பாக்கி.

அப்போது மச்சினன் பச்சைப் பலூனோடு வந்தான். வந்தது எங்கள் மேசைக்கு இல்லை, எதிர் மேசைக்கு. அவர்கள் நாற்காலி முதுகில் நூலைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தான். வேதி அவனைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு கூட அசையவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனத்துக்குள் வரி வரியாக விளக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நாலு மேசை தள்ளி ஒரு மஞ்சள் பலூனோடு நின்றிருந்தேன். மச்சினன் முகத்தைப் பார்த்தேன். கண் அகல விரிந்திருந்தது. வாய் அரை அங்குலம். பழைய முகம்! மூன்று வாரத்துக்கு முன்னால் இருந்த அதே துடைத்து வைத்த முகம். ஆனால் குளிரூட்டிய அந்த அரங்கத்தில் அவன் காதோரம் வியர்வை வழிந்ததையும், செருப்புக்குள் அவன் கால் விரல்கள் பத்தும் சுருண்டு கிடந்ததையும் நான் மட்டும் பார்த்தேன்.

ஒரு நிமிடம் இருக்கும். பளாரென்று ஒரு சத்தம். வேதியின் நெற்றி.

"ரோடுல போகவும் செய்யலாம், வரவும் செய்யலாம்! ரெண்டு தடவை எழுதுறேன், ஒரு தடவைக்குத்தான் இடம் விட்டிருக்கேன்!" என்று தன் அணியிடம் கத்தினாள். படபடாவின் விரல்கள் பாய்ந்தன. அனுப்பிய நான்காவது நிமிடம் எங்கள் மேசைக்கு ஊதா பலூன் வந்தது. அதைக் கட்டியவன் நான். முடிச்சு மூன்று தடவை நழுவியது.

முடிவு அறிவிக்கும் முன்பே பக்கத்து அணியின் பயிற்சியாளர் நடுவர்களிடம் போய்விட்டார். சிவப்புச் சட்டை போட்ட மனிதர். "அந்தப் பலூன்காரர் அவங்க கல்லூரி ஆளு. அந்தப் பொண்ணு அவரை ஒரு நிமிஷம் பாத்துச்சு, உடனே விடை வந்துடுச்சு. கண்ணால ஏதோ சொல்லிட்டாரு."

நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் ஒரு அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து அதற்கு மேலாகப் பார்ப்பவர். எங்களை எல்லாம் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். வேதி சுவரோரம் நின்றாள். பலூன் நூல் இன்னும் அவள் விரலில் சுற்றியிருந்தது. சுற்றி இறுக்கி விரல் வெளுத்துப்போயிருந்தது.

"இது சுலபம்" என்றார் அம்மாள். "இவருக்கு விஷயம் தெரியும்னா சைகை காட்டியிருக்க வாய்ப்பு இருக்கு, அணி வெளியே. ஒண்ணுமே தெரியாதுன்னா, காட்டுறதுக்கு இவர்கிட்ட என்ன இருக்கு? பத்துக் கேள்வி கேக்குறேன். ஆமா, இல்லைன்னு எழுதினாப் போதும்."

பெனால்டி மச்சினன் காதில் அவசரமாகக் கிசுகிசுத்தார்: "எல்லாத்துக்கும் தெரியாதுன்னு சொல்லிடுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

மச்சினன் அவரை விலக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்கு எல்லாம் தெரியும்மா. தாராளமாக் கேளுங்க."

பெனால்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். வேதி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்த வேண்டும் போல் இருந்தது. சிவப்புச் சட்டைக்காரருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, அவர் வாயாலயே வந்துடுச்சு."

"அத்தான், என்னை என்ன நெனச்சீங்க? முன்னூறு புரோகிராம் கேட்டவன் நான்" என்று சொல்லிக்கொண்டே அவன் பேனாவைத் திறந்தான்.

அம்மாள் கேள்விகளைப் படித்தார். தாறுமாறாகக் கிடக்கும் பட்டியலில் நடுவிலிருந்து பாதி பாதியாக ஒதுக்கித் தேடலாமா? அவன் யோசித்து, மோவாயைத் தடவி, 'ஆமா' என்று எழுதினான். ஒரு எண்ணை இரண்டால் பெருக்கினால் அது எப்போதும் பெரிதாகுமா? 'ஆமா.' ஒரே ரோட்டில் திரும்பி வர முடிகிற ஊர்ப் படத்தில், ஒவ்வொரு ரோட்டையும் இரண்டு தடவை குறிக்க வேண்டுமா? இதற்கு ஒரு ஏளனச் சிரிப்பு சிரித்து, 'இல்ல' என்று எழுதி அடிக்கோடும் போட்டான். இப்படிப் பத்தும். ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டான்.

அம்மாள் திருத்தினார். தப்பு. தப்பு. தப்பு. பத்துக்குப் பத்தும் தப்பு. இரண்டாவது நடுவர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்து வாயை மூடினார்.

"இவர்கிட்டேருந்து உதவி வாங்கியிருந்தா அந்த அணிக்கு ஏழு பலூனும் பறிபோயிருக்கும்" என்றார் அம்மாள்.

சிவப்புச் சட்டைக்காரர் விடவில்லை. "எழுத்துல குடுங்க."

எழுத்தில் கொடுத்தார்கள். 'மேற்படி நபருக்குக் கணினி தொடர்பான அறிவு சிறிதும் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்யப்பட்டது.' மூன்று நடுவர்களின் கையெழுத்து, போட்டியின் முத்திரை. கையெழுத்துப் போடும்போது அம்மாள் விடைத்தாளை இன்னொரு தடவை பார்த்தார். பேனா ஒரு நொடி அப்படியே நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு போட்டுவிட்டார்.

எங்கள் அணி முதலிடம்.

திரும்பி வரும் பேருந்தில் ஒரே கூத்து. மச்சினன் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வேதி அந்தச் சான்றிதழையும் அதோடு குத்தியிருந்த விடைத்தாளையும் வாங்கிச் சிரித்துச் சிரித்துப் படித்துக்கொண்டு வந்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது. விரல் விட்டு எண்ணினாள். கொக்கிடம் நீட்டினாள். அவன் ஓடுகிற பேருந்தில் எழுந்து ஒற்றைக் காலில் நின்றான்.

"சார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள் வேதி. "ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற கேள்விக்குக் கண்ணை மூடிக்கிட்டு எழுதினாலும் பாதி சரியாயிடும். பத்தும் தப்பாகணும்னா ஆயிரத்து இருபத்துநாலுல ஒரு வாய்ப்புதான்."

"அப்படின்னா?"

"அப்படின்னா, பத்துக்கும் சரியான விடை தெரிஞ்சவராலதான் பத்தையும் தப்பா எழுத முடியும்."

முன் இருக்கையில் பெனால்டியின் முதுகு விறைத்தது. "நான் தூங்குறேன்" என்றார் திரும்பாமலே. "அரை மணி நேரமாத் தூங்குறேன். எதுவும் கேக்கல." விதி என்றால் உயிரை விடும் மனிதர் அவர். பேருந்து நின்றதும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தத்தில் இருபது நிமிடம் தனியாக நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

நான் மச்சினன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டேய், உண்மையைச் சொல்லு. அந்தப் பொண்ணு பாத்தப்ப தப்பு எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"நான் எதிர் மேசைக்குப் பலூன் கட்டினேன் அத்தான்" என்றான் அவன்.

"பத்துக் கேள்விக்கும் விடை தெரியுமா, தெரியாதா?"

"அதான் மூணு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்களே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாதவன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நான்கு வருடமாக என் சோபாவில் குடியிருப்பவன். அவனுக்கு விஷயம் தெரியும் என்பதற்கு, ஆயிரத்து இருபத்துநாலுக்கு ஆயிரத்து இருபத்துமூன்று என்ற கணக்கில் என் கையில் ஆதாரம். அதை வெளியே சொன்னால் வேதியின் இறுதிப் போட்டி போச்சு, நேர்காணல் போச்சு, மீன் பெட்டிதான் கதி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். ஐந்து மாதம் மூடியிருந்தேன். அந்த ஐந்து மாதத்தில் எனக்கு இரண்டு கடைவாய்ப் பல் தேய்ந்தது. பல் டாக்டர் சாட்சி.

உலக இறுதிப் போட்டியில் அணி ஐம்பத்தெட்டாவது இடம். அங்கே பலூன் கட்டியவர்கள் எல்லோருக்கும் புத்திசாலி முகம் என்று படபடா குறைப்பட்டுக்கொண்டாள். ஆனால் கம்பெனி கூப்பிட்டது. நேர்காணலில் வேதியியல் தாளைப் பற்றி ஒருவர் கேட்டாராம். "மூணு தடவை முயற்சி, மூணும் தப்பு; அறுபது நிமிஷம் பெனால்டியோட நாலாவதை அனுப்பப் போறேன்" என்றாளாம் வேதி. வேலை கிடைத்துவிட்டது. நாலாவதில் தேறியும்விட்டாள்.

வேலை உத்தரவைக் காட்ட எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமாவுக்குப் போன் போட்டு, அச்சடித்த சீட்டை வேறு யாரையாவது வைத்து ஒட்டச் சொல்லிவிட்டேன் என்று சிரித்தாள். மச்சினன் சோபாவில்தான் இருந்தான். சான்றிதழை என் மனைவி சட்டம் போட்டு அவன் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தாள்.

இனிமேல் யாருக்கும் சேதமில்லை, சொல்லிவிட வேண்டியதுதான் என்று நான் முடிவு செய்தேன். எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வியர்வை, கால் விரல், பத்துக் கேள்வி, ஆயிரத்து இருபத்துநாலு.

"உன் தம்பிக்கு எல்லாம் தெரியும். நாளைக்கே வேலைக்குப் போகலாம்."

அவள் சுவரைக் காட்டினாள். "படிச்ச நடுவருங்க மூணு பேர் முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க, பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அவங்களைவிட உங்களுக்கு ரொம்பத் தெரியுமோ?"

"நான் சொல்றதை விடு. இதோ, உலக இறுதிக்குப் போன பொண்ணு. இவளையே கேளு. ஏம்மா, அந்த ஆயிரத்து இருபத்துநாலு கணக்கை அக்காவுக்குச் சொல்லும்மா."

வேதி என்னைப் பார்த்தாள். பிறகு சோபாவைப் பார்த்தாள். மச்சினன் கண்ணை அகல விரித்து, வாயை அரை அங்குலம் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கணக்கு சார்?" என்றாள் அந்தப் பெண். "எனக்கு வாய்ப்புக் கணக்குன்னாலே எப்பவும் கொஞ்சம் குழப்பம்தான்."